காடு வந்து விழுந்த வீடு

மரம் விழுந்த நேரத்தில் தையல்காரர் வீட்டில் இல்லை. காஜா எடுக்கும் நூல் தீர்ந்துவிட்டதென்று கடைத்தெருவுக்குப் போயிருந்தார். அவர் மனைவி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். காற்று என்று சொல்லும்படி பெரிய காற்றும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், காட்டின் விளிம்பில் நின்ற கிழட்டுத் தேக்கு ஒன்று, பட்டப்பகலில், யாரையும் கேட்காமல் மெல்லச் சாய்ந்து அவர்கள் வீட்டின் முன்னறை மேல் படுத்துக்கொண்டது.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று தெருவில் கூடியவர்கள் சொன்னார்கள். தலைப்பாகை என்று அவர்கள் சொன்ன முன்னறையில்தான் தையல் மெஷின் இருந்தது. பள்ளிக்கூடத்துக்காக வெட்டி வைத்த அறுபது சீருடைத் துணிகள் இருந்தன. பள்ளி திறக்க இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

தையல்காரர் நூலோடு திரும்பி வந்தார். பக்கத்து வீட்டுப் பால்காரர் கோடாலியோடு ஓடி வந்தார். சலூன்காரர் கயிறு கொண்டு வந்தார். பால்காரர் முதல் வெட்டு வெட்டி, இரண்டாவதற்குக் கோடாலியை ஓங்கியபோது, "கையை எடுங்க" என்று குரல் வந்தது. வனக்காவலர் சைக்கிளை வேலியில் சாய்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் அவருக்குப் 'பாதி' என்று பெயர். காட்டிலிருந்து வரும் எதிலும் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவார். விறகில் பாதி, தேனில் பாதி, ஒருமுறை ஒரு முயலில் பாதி. நியாயமான மனிதர், அவரைப் பற்றி யாருக்கும் குறை இருந்ததில்லை.

"டெய்லரே, இது போன வருஷம் விழுந்திருக்கக் கூடாதா?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார் பாதி. "பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. சாயங்காலத்துக்குள்ள வீட்டைக் கூட்டிப் பெருக்கியிருக்கலாம்."

"இப்பவும் எடுத்துக்கங்க. பாதி என்ன, முழுசும் எடுத்துக்கங்க. எனக்கு மெஷின் வந்தாப் போதும்."

"முடியாது. புதுச் சட்டம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப காடு அரசாங்கத்தோடது இல்லை. மக்களோடது."

"நானும் மக்கள்தானே?"

பாதி கொஞ்சம் யோசித்தார். "நீங்க ஆளு. மக்கள் வேற" என்றார். பிறகு கோடாலி பட்ட இடத்தைச் சாண் வைத்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, சைக்கிளில் ஏறிப் போனார். போகும்போது பால்காரரைப் பார்த்து, "இது காயம்னு எழுதியிருக்கேன், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

மறுநாள் காலை தையல்காரர் ரேஞ்சர் ஆபீசுக்குப் போனார். 'வனச்சரக அலுவலகம்' என்றிருந்த பலகையில் பச்சை பெயிண்ட் அடித்து 'மக்கள் வனப் பகிர்வு மையம்' என்று எழுதியிருந்தார்கள். பெயிண்ட் ஒரு பூச்சுக்குமேல் அடிக்காததால் பழைய எழுத்தும் உள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதிகாரி ஒரு பக்கம், மக்கள் ஒரு பக்கம் என்ற நிலை ஒழிய வேண்டும் என்று தலைமையிடத்திலிருந்து ஒரு வட்ட மேஜை அனுப்பியிருந்தார்கள். மேஜை வாசலுக்குள் நுழையவில்லை. ஆகவே அது வராந்தாவில் இருந்தது. மக்கள் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரேஞ்சர் உள்ளே, பழைய மேஜைக்குப் பின்னால், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, ஜன்னல் வழியாகப் பங்கேற்றார்.

"ரேஞ்சர் ஐயா..."

"ரேஞ்சர்னு சொல்லாதீங்க. இப்ப நான் உதவுநர்" என்றார் ரேஞ்சர் ஜன்னலில். சீர்திருத்தத்துக்கு முன்னால் அவர் யாரையும் 'வா, போ' என்றுதான் பேசுவார். இப்போது 'வாங்க, போங்க' என்றார். தையல்காரருக்கு அதிலேயே பாதி வேலை முடிந்ததுபோல் இருந்தது.

"சொல்லுங்க. நம்ம வளத்துக்கு என்ன ஆச்சு?"

"வளம் இல்லீங்க, மரம். வீட்டு மேல விழுந்திருச்சு."

"அதைத்தான் சொல்றேன். எல்லைக்கு வெளிய வர்ற தேக்குக்கு வழிச்சீட்டு வேணும். வழிச்சீட்டு இல்லாம நாற்பது அடி தேக்கு உங்க வீட்டுக்குள்ள இருக்கு. பழைய சட்டமா இருந்தா உங்களை இந்நேரம் உள்ள வெச்சிருப்பேன். புதுச் சட்டத்துல உங்களைக் கலந்து ஆலோசிக்கணும். உங்களைக் கைது பண்ணலாமா, வேண்டாமா? உங்க கருத்து என்ன?"

"வேண்டாங்க."

"பதிவு பண்ணிக்கறேன்" என்று ரேஞ்சர் எழுதிக்கொண்டார். "பாத்தீங்களா, எவ்வளவு மாறியிருக்குன்னு."

பிறகு பதினோரு பக்க விண்ணப்பம் ஒன்று ஜன்னல் கம்பிக்கிடையில் வெளியே வந்தது. முதல் பக்கத்தில் மூன்று கட்டங்கள். காட்டுக்குள் வாழ்பவர், காட்டை ஒட்டி வாழ்பவர், காட்டை நம்பி வாழ்பவர். தையல்காரர் பேனாவை வைத்துக்கொண்டு மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் துணியை நம்பி வாழ்பவர்.

"நாலாவதா ஒண்ணு வேணுங்க. காடு மேல விழுந்தவர்னு."

"சட்டத்தை எழுதறதுக்கு முன்னாடி மக்கள்கிட்டக் கருத்து கேட்டோமே. அப்பச் சொல்லியிருக்கலாமே?"

"அப்ப மரம் விழலைங்களே."

"அதான் இந்த நாட்டுல சிக்கல்" என்றார் ரேஞ்சர். "முன்கூட்டியே யாரும் பங்கேற்க மாட்டேங்கறாங்க."

இரண்டாவது கட்டத்தில் குறியிட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பி நீட்டியபோது, பயிற்சிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். வளத்தைப் பற்றிப் பேசுகிறவர் வளத்தைப் பற்றிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டுமாம். தையல்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"விழறதுக்கு அந்த மரம் எங்க பயிற்சி எடுத்துச்சாம்?" என்றாள் அவள். அவள் சமையலறையில் படுக்கையை விரித்து, முன்னறையில் மிஞ்சிய பாத்திரங்களை அங்கே அடுக்கியிருந்தாள். அடிமரத்துக்கும் சுவருக்கும் இடையில் கையை விட்டால் மெஷினின் சக்கரம் மட்டும் விரலில் தட்டுப்பட்டது. தினமும் ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

பயிற்சி மூன்று நாள், பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. நடத்தியவர் தலைநகரிலிருந்து வந்த ஆலோசகர் அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் மூன்று வண்ணத்தில் சின்னச் சின்ன அட்டைகள். பச்சை அட்டையில் கனவை எழுத வேண்டும். மஞ்சளில் தடையை எழுத வேண்டும். வெள்ளையில் ஒன்றும் எழுதக் கூடாது, அது திறந்த மனம். தையல்காரர் பச்சையில் 'தையல் மெஷின்' என்று எழுதினார். மஞ்சளில் 'மரம்' என்று எழுதினார்.

ஆலோசகர் அம்மா மஞ்சள் அட்டையை எல்லோருக்கும் காட்டினார். "இதைத்தான் நாம மாத்தணும். மரம் தடை இல்லை, ஐயா. மரத்தை நீங்க பாக்கற பார்வைதான் தடை."

"பார்வை இல்லீங்கம்மா, அது மெஷின் மேல கிடக்கு."

"நல்லது. அந்த உணர்வோட இருங்க" என்றார் அவர்.

கடைசி நாள் அவர் ஆற்றிய உரையைத் தையல்காரர் வெகுநாள் மறக்கவில்லை. "நான் எட்டு நாட்டுல காட்டைச் சீர்திருத்தியிருக்கேன். நான் போனப்ப அங்கெல்லாம் காடு இருந்துச்சு, ஆனா மக்களுக்குப் புரிதல் இல்லை. நான் திரும்பி வர்றப்ப எல்லாருக்கும் புரிதல் இருந்துச்சு." அரங்கு கைதட்டியது. தையல்காரரும் தட்டினார். தட்டாதவர்களுக்குச் சான்றிதழ் தாமதமாகும் என்று பக்கத்திலிருந்தவர் சொல்லியிருந்தார்.

சான்றிதழோடு வீட்டுக்கு வந்தபோது தலைமையாசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. வீட்டையும் மரத்தையும் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "துணியையாவது இழுத்துக் கொடுங்க, வேற எடத்துல தைச்சுக்கறேன்" என்றார். வளத்துக்கு அடியில் இருப்பதும் விசாரணை முடியும்வரை வளம்தான் என்று பாதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அடுத்த வருடமும் வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தையல்காரரே சொல்லி அவரை அனுப்பி வைத்தார்.

காட்டின் எல்லையைப் பார்க்க அளவையாளர் வந்தது நாற்பத்தோராவது நாள். முக்காலி ஒன்றை நிறுத்தி, கையிலிருந்த கருவியை வானத்துக்குக் காட்டினார். வானத்திலிருந்து எடுத்த படம் அதில் வந்தது. அளவையாளர் படத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இங்க வீடு இல்லையே."

"இதோ இருக்குங்களே" என்று தையல்காரர் சுவரைத் தட்டிக் காட்டினார்.

"படத்துல மேலிருந்து பாத்தா இலைதான் தெரியுது. எங்க தேக்கு இலை தெரியுதோ அது காடு. சட்டம் அப்படித்தான் சொல்லுது. எல்லை உங்க சமையலறைப் பின்சுவரு வரைக்கும் வந்திருச்சு. நீங்க காட்டுக்குள்ள குடியிருக்கீங்க."

அருகில் நின்ற ரேஞ்சரின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சு. புதுச் சட்டத்துல காட்டுக்குள்ள குடியிருக்கறவங்களுக்குத்தான் முழு உரிமை. முப்பது வருஷம் குடியிருந்திருக்கணும், அவ்வளவுதான்."

தையல்காரருக்கு நாற்பத்தொரு நாளில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. "முப்பத்திரண்டு வருஷம் ஆச்சுங்க. வரி ரசீது எல்லாம் வெச்சிருக்கேன்."

"அது வீட்டுல இருந்த கணக்கு" என்றார் ரேஞ்சர் அன்பாக. "காட்டுல நீங்க இருக்கறது நாற்பத்தொரு நாளாத்தான். அப்படிப் பாத்தா ஆக்கிரமிப்பு ஆயிடுது. ஆனா கவலைப்படாதீங்க. ஆக்கிரமிப்பாளர்களையும் கலந்து ஆலோசிக்கச் சொல்லியிருக்காங்க."

ஊர்க் கூட்டம் அதற்காகத்தான் கூடியது. சட்டப்படி பாதிப் பேருக்குமேல் வர வேண்டும். டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று பாதி வீடு வீடாகச் சொல்லியிருந்ததால் முக்கால்வாசிப் பேர் வந்தார்கள். மரத்தை அகற்றுவதா என்பது முதல் தீர்மானம். தையல்காரருக்குப் பயமில்லை. எல்லோரும் அவர் தைத்த சட்டை போட்டவர்கள். முதல் வெட்டு வெட்டிய பால்காரர் முன்வரிசையில் இருந்தார்.

ரேஞ்சர் எழுந்தார். "இது உங்க மரம். உங்க ஒவ்வொருத்தரோட மரம். வெட்டலாம்னா கையைத் தூக்குங்க. ஆனா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க. இந்த ஊர்ல முன்னூத்திப் பன்னெண்டு குடும்பம். இந்த மரத்துல ஒவ்வொரு குடும்பத்துக்கும் பங்கு இருக்கு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. தூக்கப் போன கைகள் பாதியில் நின்றன.

"எவ்வளவு பங்குங்க?" என்று கேட்டார் சலூன்காரர்.

"இப்ப வெட்டினா கைப்பிடி அளவு. இன்னும் மதிப்பு ஏற விட்டா அதிகம்."

"மரம் கீழதானே கிடக்கு, எங்க போயிடப் போவுது?" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

தையல்காரர் எழுந்து நின்றார். பேச வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். "எனக்குப் பங்கு வேண்டாங்க. என் பங்கை நீங்களே எடுத்துக்கங்க. மெஷினை மட்டும் எடுக்க விடுங்க" என்றார்.

"அவரு பங்கையும் சேத்துப் பிரிச்சா எவ்வளவு வரும்?" என்று கேட்டார் சலூன்காரர்.

மதிப்பு நிர்ணயம் ஆகும்வரை மரத்தை யாரும் தொடக் கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. பால்காரர் கையைத் தூக்கியபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு திரும்பும் வழியில் தையல்காரரோடு சேர்ந்து நடந்தார். "தப்பா நினைக்காதீங்க டெய்லர். முன்னாடி அது யாரோட மரமோ. வந்து வெட்டிப் போட்டேன். இப்ப என் மரமாப் போச்சே" என்றார். தையல்காரர், "எனக்குப் புரியுது" என்றார். உண்மையாகவே அவருக்குப் புரிந்தது. அதுதான் அவருக்குக் கலவரமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. முன்னறையில் விழுந்த தண்ணீர் வாசற்படி வழியாகச் சமையலறைக்கு வந்தது. சாக்கைச் சுருட்டி அணை கட்டினார்கள். அணைக்கு அந்தப் பக்கம் அறுபது சீருடைகளின் வெள்ளைத் துணி மெல்ல மெல்லப் பாசி நிறத்துக்கு மாறியது. ஒரு காலையில் மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. இதைப் பாருங்க."

அடிமரத்தில், மெஷின் இருந்த இடத்துக்கு நேர் மேலே, கட்டைவிரல் அளவில் ஒரு துளிர் விட்டிருந்தது. வேரில் பாதி இன்னும் மண்ணுக்குள் இருந்ததால் மரத்துக்குத் தான் விழுந்த செய்தி முழுதாகப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. விழுந்த மரம், உயிருள்ள மரம் என்று சட்டத்தில் இரண்டு அத்தியாயங்கள் இருப்பதைத் தையல்காரர் பயிற்சியில் படித்திருந்தார். உயிருள்ள மரத்துக்கான அத்தியாயத்தில் வெட்டுவது என்ற சொல்லே கிடையாது.

அவள் துளிரைக் கிள்ளக் கையை நீட்டினாள். தையல்காரர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம். காயம்னு எழுதிடுவாங்க."

"யாரு பாத்தா?"

"மேலிருந்து படம் எடுக்கறாங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரை இருந்த இடத்தில் மேகம் போய்க்கொண்டிருந்தது. பிறகு தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அந்த மாதம் முடிவதற்குள் இரண்டு பைகளில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு, "அண்ணன் வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வர்றேன். நீங்களும் வாங்க" என்றாள். விண்ணப்பதாரர் இருப்பிடத்தை விட்டுப் போனால் விண்ணப்பம் தள்ளுபடியாகும் என்று எட்டாம் பக்கத்தில் போட்டிருந்ததை அவர் சொன்னார். அவள் புறப்படுவதற்குள் ரேஞ்சரிடமிருந்து ஆள் வந்துவிட்டது. மறுநாள் தலைநகரிலிருந்து வனத்துறைச் செயலர் வருகிறார். குடும்பத்தோடு இருக்க வேண்டும்.

செயலர் நான்கு வண்டிகளோடு வந்தார். தொப்பி வைத்திருந்தார். முன்னறை வாசலில் நின்று, துளிர் இப்போது ஓரடிக் கிளையாகி நான்கு இலை விட்டிருப்பதை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆலோசகர் அம்மா அவருக்குப் பக்கத்தில் நின்று, "இவர்தான் நான் சொன்னவர். பயிற்சிக்கு வந்தப்ப மரத்தைத் தடைன்னு எழுதினவர்" என்றார்.

"இப்ப?" என்றார் செயலர்.

எல்லோரும் தையல்காரரைப் பார்த்தார்கள். "இப்ப ஒண்ணும் எழுதறதில்லைங்க" என்றார் அவர்.

செயலர் அவர் தோளில் கை வைத்து, புகைப்படக்காரர்கள் பக்கம் திரும்பிப் பேசினார். "நம்ம காடுகள் ஏன் அழிஞ்சுது? மக்கள் காட்டுக்குள்ள போனதால. நாம அதைத் தலைகீழா மாத்தியிருக்கோம். இப்ப காடு மக்கள்கிட்ட வருது. பத்து வருஷமா இந்தச் சீர்திருத்தத்துக்காக நான் எத்தனை கூட்டம், எத்தனை பயணம், எத்தனை ஓட்டல்ல தங்கியிருப்பேன். நான் கனவு கண்டது இதைத்தான். மனுஷனும் மரமும் ஒரே கூரைக்குக் கீழ."

"கூரையே இல்லைங்க ஐயா" என்றாள் தையல்காரரின் மனைவி.

செயலர் அண்ணாந்து பார்த்தார். "அதுவும் பங்கேற்புதான்" என்று சொல்லி, இலையோடு சேர்த்துப் படம் எடுக்கச் சொன்னார்.

அவர் போகும் முன் பரிசாக ஓர் உத்தரவு போட்டார். இப்படிப்பட்ட குடிமகனைச் சும்மா விடக் கூடாது. வளத்துக்குக் காவலாளாக அவரையே நியமிக்க வேண்டும். தற்காலிக வேலைதான். ஆனால் வேலை. உத்தரவு பத்து நாளில் வந்தது. அதோடு சீருடைக்குக் காக்கித் துணி வந்தது, தைத்துக்கொள்ளச் சொல்லி. தையல்காரர் அதைச் சமையலறையில் உட்கார்ந்து கையால் தைத்தார். காஜா மட்டும் சரியாக வரவில்லை. கடைசி நிபந்தனையை ரேஞ்சர் நேரில் வந்து, ஜன்னல் இல்லாததால் நேராகவே சொன்னார். ஆக்கிரமிப்பாளரே காவலராக இருப்பது சட்டத்துக்குப் பொருந்தாது. ஆகவே சமையலறையையும் காலி செய்துவிட வேண்டும். வேலிக்கு வெளியே நாற்காலி போட்டுத் தருவார்கள். இரவில் பாதியின் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொள்ளலாம். பாதியே அதற்குச் சம்மதித்துவிட்டார். தாழ்வாரத்தில் பாதி என்றார்.

இப்படியாகத் தையல்காரர் தன் வீட்டுக்கு எதிரில், நாற்காலியில், முழங்காலில் ஒரு பதிவேட்டோடு உட்கார்ந்தார். சீருடையில் அவரைப் பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு வணக்கம் வைத்தார்கள். பால்காரர் மட்டும் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து, நண்பகலில், அண்ணன் வீட்டுக்குப் போயிருந்த அவர் மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இளைச்சுட்டீங்க" என்றாள்.

"நீயும்தான்."

தூக்கை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவள் வேலிப் படலைத் திறக்கப் போனாள். அவர் எழுந்துவிட்டார். எழுந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை.

"கொஞ்சம் இரு. எழுதணும்."

"என்ன எழுதணும்?"

"வர்றவங்க யாருன்னு." பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஆய்வாளர், பார்வையாளர், அத்துமீறுபவர் என்று மூன்று பத்திகள் இருந்தன. "எதுல போடட்டும்?"

அவள் வெகுநேரம் அந்தத் தாளைப் பார்த்தாள். "எதுல போட்டா உள்ள விடுவீங்க?"

"எதுல போட்டாலும் உள்ள விட முடியாது. இங்கேயிருந்து பாக்கலாம். பத்து நிமிஷம்."

கோபப்படுவாள் என்று நினைத்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் படலிலிருந்து கையை எடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். கிளை சமையலறைச் சுவருக்கு மேல் வந்துவிட்டிருந்தது. இலைகள் பெரிதாக, நல்ல பச்சையாக இருந்தன.

"நல்லாத்தான் வளருது" என்றாள் அவள்.

"ம்."

"சாப்பாடு ஆறிடும். சாப்பிடுங்க."

அவள் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். முதுகு திருப்பத்தில் மறையும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்து, பார்வையாளர் பத்தியில் ஒருவர் என்று எழுதி, வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதினார். கடைசிக் கட்டத்தில், வளத்துக்குச் சேதம் உண்டா என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினார்.